தவறிட்டாருங்க

கோயமுத்தூர்க்காரன் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவான் என்று எங்கள் பக்கம் ஒரு பெருமை உண்டு. எனக்கும் அந்தப் பெருமை நிறைய இருந்தது. எந்தச் சொல்லாக இருந்தாலும் கூர் மழுக்கி, பின்னால் ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் வெளியே விடுவோம். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்று தொண்ணூறுகளின் தொடக்கம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது கணபதியில் ஒரு மொழி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நிறுவனம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். கீழே பம்புசெட் பட்டறை, மேலே நாங்கள். லேத்து ஓடினால் மேசைமேல் பேனா தானாக நகரும். ஆனால் அந்த மாடிக்கும் லெனின்கிராடுக்கும் நடுவே ஒரு போக்குவரத்து இருந்தது. அங்கிருந்த ஒரு நிறுவனமும் நாங்களும் புத்தகங்களும் கட்டுரைகளும் அனுப்பிக்கொள்வோம். இனி ஆட்களையும் அனுப்பிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு. முதலில் அவர்களில் ஒருவர் இங்கே வந்து தங்குவார், அடுத்த வருடம் எங்களில் ஒருவர் அங்கே போவார்.

எங்கள் பக்கம் போக இருந்தவர் மூத்த ஆய்வாளர். அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். கொங்குப் பேச்சுச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பனிக்கு வேண்டும் என்று குரங்குக் குல்லாய் வாங்கி, கோயமுத்தூர் வெயிலில் அதைப் போட்டுக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தவர். அங்கிருந்து வர இருந்தவர் ஓர் அம்மையார். பழைய இலக்கணங்களைப் படித்தே தமிழ் கற்றவர், தமிழ் பேசும் ஊர் எதையும் பார்த்ததில்லை. இருவரும் பல வருடங்களாகக் கடிதத்தில் சண்டை போட்டுவந்தார்கள். சாயங்காலத்தை நாங்கள் ‘பொழுதோட’ என்போம். பொழுது இருக்கும்போதே என்றுதான் அதற்குப் பொருள் என்று அந்த அம்மையார் எழுதுவார். உங்கள் ஊரில் ராத்திரியிலும் வெளிச்சமாம், உங்களுக்குப் பொழுதைப் பற்றி என்ன தெரியும் என்று இவர் பதில் போடுவார்.

அம்மையார் வருவது உறுதியானபோது அவருடைய நாடே உடைந்துபோய், ஊரின் பெயரும் மாறியிருந்தது. எந்தத் தபால் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாத காலம். அந்தச் சமயத்தில்தான் எங்கள் மூத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சடைத்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை. உடனே அம்மையாருக்குக் கடிதம் எழுதினோம். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியுமுன்பே அவர் வந்து இறங்கும் நாள் வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு நானும் ஆபீஸ் டிரைவரும் போனோம். ரயிலைவிட்டு இறங்கியதும் அம்மையாரின் கண் எங்களைத் தாண்டிப் பின்னால் தேடியது.

“அவர் வரவில்லையா?”

நான் அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டேன். டிரைவர்தான் கையைக் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து சொன்னார்.

“ஐயா தவறிட்டாருங்க.”

அம்மையார் ஒரு நொடி யோசித்தார். “பரவாயில்லை. எனக்கு முன்பே தெரியும்,” என்று சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார்.

அப்படியானால் கடிதம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், அழுதால்தான் துக்கமா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆபீசில் எல்லோரிடமும் “சொல்லியாச்சுங்க” என்று சொல்லிவிட்டோம். துக்கப்பட்டவரிடம் அதையே கிளறக் கூடாது என்பது எங்கள் நாகரிகம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இறந்தவர் மாடியில் நடமாட ஆரம்பித்தார்.

அம்மையார் அவருடைய அறையில், அவருடைய மேசையில் உட்கார்ந்தே வேலை செய்தார். “காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?” என்று கேட்பார். “நெறையப் போட்டுக்குவாருங்க,” என்போம். “கோபம் வருமா?” “வருமுங்க, ஆனா ஒடனே சிரிச்சுருவாருங்க.” நாங்கள் பழையதைச் சொன்னோம், அவர் இன்றையதைக் கேட்டுக்கொண்டார். குடிப்பார், சிரிப்பார், வருவார் என்று இருப்பவரைப் பற்றியும் போனவரைப் பற்றியும் ஒரே மாதிரி சொல்ல விடுகிற மொழி நம்முடையது. இலக்கணம் தெரிந்த அத்தனை பேர் இருந்தும் அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் அம்மையார் எங்கள் கூடத்தில் உரையாற்றினார். முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொன்னார். பேசும்போது நடுநடுவே அந்த நாற்காலியைப் பார்த்து, அங்கிருந்து யாரோ மறுத்ததுபோல் கையை ஆட்டிப் பதில் சொன்னார். டீ கொண்டுவந்த ஆபீஸ் அம்மா அந்த நாற்காலிக்கு முன்னாலும் ஒரு டம்ளரை வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “வெக்காம உட மனசு வரலீங்க,” என்றார். உரை முடிகிறவரை அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது. அவர் வழக்கமாகச் செருப்புக் கழற்றும் இடத்தை விட்டுத் தள்ளி என் செருப்பைக் கழற்றினேன். அறையைக் கடக்கும்போது உள்ளே அவர் கனைப்பதுபோல் இருக்கும். எட்டிப் பார்த்தால் அம்மையார் தனியாக எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்கு, அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அம்மையார். துக்கம் கேட்கத்தான் என்று நினைத்து நானும் வேனில் ஏறினேன். கோவில்பாளையத்தில் வண்டி நின்றபோது, ஒரு பூக்காரம்மாவைப் பார்த்து ஜன்னல் வழியாக மல்லிகைச் சரம் வாங்கினார்.

“அவர் மனைவிக்கு,” என்றார்.

“அவங்களுக்குப் பூ வேண்டாங்க,” என்றேன்.

“ஏன்? ‘பொழுதோட’ விஷயத்தில் தவறிவிட்டார், அதற்கு வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்கிறார். நான் பூவோடு போனால் சமாதானமாகிவிடுவார்.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஸ்டேஷனில் அம்மையார் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அவரு இப்ப இல்லீங்க,” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருப்பார்?”

“சாமிகிட்டப் போயிட்டாருங்க.”

“எந்தக் கோயில்? பழனியா?”

ஒரே ஒரு சொல் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்வோம், கோபத்தில் சொல்வோம். அவரைப் பற்றி அதைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்பதுபோல் டிரைவரைப் பார்த்தேன். அவர் வண்டியைத் தோட்டத்துத் தடத்தில் திருப்பிவிட்டிருந்தார்.

வேன் சத்தம் கேட்டு மூத்தவரின் மனைவி வாசலுக்கு வந்தார். துக்க வீட்டில் ‘வாங்க’ என்று சொல்வதில்லை, வெறுமனே தலையை அசைத்தார். அம்மையார் வேகமாகப் போய்ப் பூவை நீட்டினார்.

“அவர் தவறிவிட்டார் என்று சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவரைக் கூப்பிடுங்கள்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். “என்ன கண்ணு சொல்றாங்க?”

“அவங்களுக்குத் தெரியலீங்க. ஏதோ தப்புப் பண்ணிட்டாருன்னு நெனச்சுட்டு இருக்காங்க,” என்றேன்.

அந்த அம்மா அம்மையாரின் கையைப் பூவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தவறிட்டாருங்க, அம்மணி.”

“தெரியும். அதனால் என்ன? எல்லோரும்தான்...”

“இல்லீங்க.” சுற்றிலும் யாராவது சொல்லிவிடுவார்களா என்பதுபோல் பார்த்தார். எழவுக்கு வந்தவர்கள் யாரும் அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவர் காதுபட நாங்களும் சொன்னதில்லை. எல்லோரும் மரியாதையாக அதைச் சுற்றியே நடந்து போயிருந்தோம்.

“செத்துப்போயிட்டாருங்க,” என்றார்.

அந்தச் சொல் அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. ஆனால் கால் மடங்கி உட்கார்ந்தது அவரல்ல. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாதான் சரிந்தார். சொன்னது வேறு யாரோ என்பதுபோல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மையார் தரையில் மண்டியிட்டு அவரைத் தாங்கிக்கொண்டார்.

“எனக்கே இப்பத்தானுங்க தெரியுது,” என்றார் அந்த அம்மா.