நாலு அங்குலம்

எங்கள் வீட்டுத் தலையணைகளுக்குப் பொத்தான் உண்டு. அத்தாவின் பழைய சட்டையைத் தலையணை உறையாக மாற்றும்போது, அம்மா பொத்தான் பட்டியை அப்படியே விட்டுவிடுவாள். உறையைக் கழற்றவும் மாட்டவும் அது வசதி. காலையில் எழுந்தால் என் கன்னத்தில் ஒரு பொத்தான் வட்டமாகப் பதிந்திருக்கும். என் தங்கை புரண்டு புரண்டு படுப்பாள், அவளுக்கு இரண்டு.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலையாக இருந்தார். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது கப்பல் ஏறியவர், நான் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் திரும்பவில்லை. கடிதம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அறுபதுகளில் கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், அதனால் யாரும் எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை.

அவர் விட்டுப்போன துணிகளை அம்மா ஒவ்வொன்றாக வெட்டினாள். சட்டைகள் எனக்கும் தங்கைக்கும் ரவிக்கை ஆயின. இரண்டு கைலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத் தையல் போட்டால் போர்வை. கால்சட்டை காய்கறிப் பை ஆனது. காலர்கள் கூட வீணாகவில்லை, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி ஆயின. அம்மாவிடம் மெஷின் கிடையாது. எல்லாம் கைத்தையல். ஒன்பது வயதிலிருந்து நானும் கூட உட்கார்ந்து தைத்தேன். என் தையல் அம்மாவின் தையலைவிட நெருக்கமாக விழும். அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன், அம்மாவே ஒப்புக்கொண்ட விஷயம் அது.

ஒரே ஒரு உருப்படியை மட்டும் அம்மா தொடவில்லை. அது சந்தன நிற ஜிப்பா, பட்டு கலந்த துணி. சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, தன் அக்காவின் கல்யாணத்தில் அத்தா போட்டுக்கொள்வதற்காகத் தன் கையால் வெட்டித் தைத்தது. அத்தா பினாங்குக்குப் புறப்பட்ட அன்று, "இத எடுத்துட்டுப் போவல. திரும்பி வந்த மொத வெள்ளிக்கிழம இதப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். துணிப்பெட்டிக்குள் அடியில், வேப்பிலைக்கு நடுவில் அது கிடந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மா அதை வெயிலில் காயவைப்பாள். காக்கை எச்சமிடாமல் இருக்க என்னைப் பக்கத்தில் காவலுக்கு உட்காரவைப்பாள். எனக்கு அந்த ஜிப்பாவைக் கண்டாலே ஆகாது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் நான் போட்டுக்கொண்டு போன நீல ரவிக்கையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. பழைய சட்டையில் பாக்கெட்டைப் பிரித்து எடுத்த இடம் மட்டும் வெளுக்காமல், கரு நீலச் சதுரமாகத் தெரிந்தது. அம்மா எவ்வளவோ யோசித்து அதை முதுகுப் பக்கம் கொண்டுபோயிருந்தாள். பின்வரிசைப் பெண்களின் கண்ணுக்கு நேராக அது அமைந்துவிட்டது. "ஆம்பள சட்டடீ இது!" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் பாக்கெட்டு.

அந்த வாரமே தையல் டீச்சர், பள்ளிக்கூட விழாவில் பார்வைக்கு வைக்க ஒவ்வொருவரும் ஒரு ரவிக்கை தைக்க வேண்டும், துணி நல்லதாகக் கொண்டுவாருங்கள் என்றார். வகுப்பில் எனக்கு நிகராகத் தைக்க ஆள் இல்லை. ஆனால் நல்ல துணி எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். ஜிப்பாவை எடுத்துப் பாயில் விரித்தேன். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கோபத்தில் எனக்குக் கை நடுங்காது. முன்பக்கம், பொத்தான் பட்டிக்கு இரண்டு புறமும் மேலிருந்து கீழ்வரை நேராக வெட்டினேன். பின்பக்கம் நடுவில் ஒரு வெட்டு. ஓரம் நேராக வரவேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சம் நறுக்கி, நறுக்கியதை அடுப்பில் போட்டேன். கழுத்து வளைவுக்குக் கத்திரியைத் திருப்பியபோது அம்மா அரிசிப் பையோடு வாசலில் நின்றாள்.

அவள் கேட்பதற்கு முன்னால் நானே கத்தினேன். "வராத ஆளுக்கு எதுக்குச் சட்ட?"

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடிக்கத் தயங்குகிறவள் இல்லை. அன்று அடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுருக்கம் நீவி, ஒரே அளவாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு அரிசி களையப் போனாள். அடித்திருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

சரியாக மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அத்தா கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்.

மறுநாளே அம்மா துண்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறினாள். அந்தப் பையும் அத்தாவின் கால்சட்டைதான். மாமா துண்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தார்.

"என்னக்கா இது? யாரு பண்ண வேல?"

"நான்தான். கோவத்துல வெட்டிட்டேன்" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெட்டு எவ்வளவு நேராக இருந்தது என்பதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். அம்மாவின் வெட்டு எப்போதும் கோணல்.

"சேத்துத் தச்சிடலாம்" என்றார் மாமா. "முன்னால ரெண்டு பக்கமும் மடிப்பு வச்ச மாதிரி செஞ்சிட்டா ஃபேஷன்னு நெனச்சிக்குவாங்க. முதுகுலயும் ஒரு மடிப்பு. ஆனா சுத்தளவுல நாலு அங்குலம் போயிடும்க்கா. மச்சான் ஒடம்புக்கு ஏறாது. நான் அளவெடுத்த ஒடம்பு, எனக்குத் தெரியாதா?"

"பக்கவாட்டுல ஒட்டுத் துணி வையேன்."

அந்த நிறத்துக்கு ஒட்டுத்துணி தேடிக் கடைத்தெரு முழுக்க அலைந்தோம். எடுத்ததெல்லாம் ஒன்று மஞ்சளாக இருந்தது, இல்லையென்றால் பழுப்பாக இருந்தது. கடைசியில் அம்மா, "இருக்கறத வச்சுத் தைய்யி" என்றாள். மாமா சாயங்காலத்துக்குள் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மடிப்புகள் அவ்வளவு அழகாக இருந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, வெட்கம்கெட்ட பெருமை.

திரும்பும்போது பரங்கிப்பேட்டை தாண்டியதும் அம்மா வாயைத் திறந்தாள்.

"அத்தாவுக்கு இது பத்தலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"என்ன சொல்றது?"

"அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னியோ, அதயே சொல்லு."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷம் கழித்து வருகிற மனிதரின் முகத்தைப் பார்த்து, நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்துத்தான் வெட்டினேன் என்று எப்படிச் சொல்வது? கிணற்றடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தடவை மாற்றிச் சொன்னாலும் அந்த வாக்கியம் நல்லபடியாக வரவில்லை.

அத்தா நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலில் வந்தார். முதுநகர் ஸ்டேஷனில் நாங்கள் மூவரும் நின்றோம். போட்டோவில் இருந்த தாட்டியான ஆளை நான் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். கை மட்டும் பெரிதாக இருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"கொஞ்ச நாள் வயிறு சரியில்லாம ஆஸ்பத்திரில கெடந்தேன். இப்ப தேவல" என்றார் அம்மாவிடம். எந்தக் கடிதத்திலும் அதை எழுதவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அத்தா சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "இது என் கோடு போட்ட சட்டல்ல? இது அந்தப் பச்சக் கைலி!" என்று தலையணையையும் போர்வையையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு, "எல்லாத்தயும் வெட்டிட்ட. அது இருக்கா?" என்று கேட்டார். அம்மா, "இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தார். அம்மா ஜிப்பாவை நீட்டினாள். நான் தூணுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அத்தா தலை வழியாகப் போட்டு, கைகளை நுழைத்து, கீழே இழுத்துவிட்டார். எங்கும் பிடிக்கவில்லை. பொத்தான்கள் இழுக்காமல் பூட்டிக்கொண்டன. தோள் மட்டும் கொஞ்சம் தொங்கியது. நெஞ்சில் அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

"இந்த மடிப்பு முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றாள் அம்மா.

அவர் சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியில் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"எளச்சிட்டேன் எளச்சிட்டேன்னு கப்பல்ல எல்லாரும் சொன்னானுவ. எங்க எளச்சேன்? கல்யாணத்துக்குத் தச்சது, அப்படியே அளவா இருக்கு பாரு!"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜிப்பா துண்டாகக் கிடந்தபோது அழாதவள், அன்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தா தொப்பியை எடுத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசியபடியே பள்ளிவாசலுக்கு நடந்தார்.

நான் தூணைப் பிடித்தபடியே நின்றேன். கிணற்றடியில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த ஜிப்பா அவருக்குப் பத்தாமல் போயிருக்கக் கூடாதா, நான் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி அடி வாங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.