நடுக்கோட்டில் நின்ற விங்-பேக்

கோச்சம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். அப்போது அவளுக்குப் பந்தை நேராக உதைக்கக்கூடத் தெரியாது. ஆனால் அண்ணன் ஆடுகிற ஆட்டம் ஒன்றையும் விடமாட்டாள். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, வீடு திரும்புகிற வழியெல்லாம் பெரிய கோச் மாதிரி அவன் செய்த தப்புகளை ஒப்பிப்பாள். அவனும் "சரிங்க கோச்சம்மா, இனிமே செய்யல கோச்சம்மா" என்று கும்பிடு போட்டுக்கொண்டே நடப்பான். கேலிக்கு வைத்த பெயர் அம்மா வாயிலும் ஏறி, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

அப்பா இல்லாத வீடு. அண்ணன் அவளைவிட ரொம்ப மூத்தவன். மரச்சாமான் கடையின் கிடங்கில் அவனுக்கு வேலை. அலமாரியையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றி, வாங்கினவர் வீட்டு மாடிவரை தூக்கிக்கொண்டுபோய், அவர்கள் காட்டுகிற மூலையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு, "இல்ல, அந்தச் சுவர் பக்கம் நல்லா இருக்கும்" என்பார்கள். மறுபடி தூக்க வேண்டும். வாரம் முழுக்க மாடிப்படி, ஞாயிறானால் மைதானம். கோச்சம்மாவின் படிப்பும் அந்தத் தோளில்தான் ஏறி வந்தது. அவன் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, அவள் ஒருநாளும் மறந்ததுமில்லை.

கிடங்கு அணியில் அவன் இடது விங்-பேக். இந்த இடத்தின் அருமை தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிறவன் விங்-பேக். எதிரணி வரும்போது பின்னால் நின்று தன் கோலைக் காக்க வேண்டும். பந்து கைமாறியதும் முன்னால் பாய்ந்து, கோல் போடுகிறவன் காலுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே பந்து பறிபோனால், விட்ட இடத்துக்கே திரும்பி ஓட்டம். ஒருத்தி இரண்டு வீட்டுக்குச் சமைக்கிற கதைதான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், தடுத்தவனை முதுகில் தட்டுவார்கள். விங்-பேக்கிடம் மட்டும், "நீ எங்கேப்பா போயிருந்தே?" என்று கேட்பார்கள்.

அண்ணன் கல்யாணமாகி அண்ணியோடு தனிக்குடித்தனம் போனான். படித்து முடித்து கோச்சம்மா சேர்ந்தது ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில். கால்பந்து அணியை நிர்வகிக்கிற விளையாட்டு அது. ஆடுகிறவர் பந்தை உதைப்பதில்லை. யாரை எங்கே நிறுத்துவது, எப்போது முன்னேறுவது, யாரை வெளியே எடுப்பது என்று பயிற்சியாளராக உட்கார்ந்து முடிவு செய்வார். பிறகு திரையில் பச்சை மைதானத்தின்மேல் இரண்டு நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தாமாகவே ஓடி ஆட்டத்தை ஆடிக் காட்டும். அந்த வட்டங்கள் நிஜ ஆட்டக்காரர்கள் மாதிரி நகர்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் கோச்சம்மாவின் வேலை. "பொட்டு ஓடுறதைப் பார்க்கச் சம்பளமா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாய் வாடகைக்கா எடுத்திருக்கிறார்கள்? நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், கண் எப்படி எரியும் என்று.

அவள் சொல்கிறதை நிரலாக எழுதித் தருகிறவர் ஒரு பொறியாளர். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், அதனால் எல்லாருக்கும் அவர் நெட்டையர். இருவருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. ஆனால் ஒருவரில்லாமல் மற்றவருக்கு வேலை ஓடாது.

அந்தச் சமயம் விளையாட்டில் பெரிய தலைவலியே விங்-பேக்குகள்தான். பந்து கிடைத்ததோ இல்லையோ, கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி முன்னால் பாய்ந்துவிடும். பின்னால் ஒரு தெருவே காலியாகக் கிடக்கும், எதிரணி அதன் வழியாக உலா வரும். நிஜத்தில் எவனாவது இப்படி ஆடுவானா என்று வாடிக்கையாளர்கள் காறித் துப்பினார்கள். சரிசெய்கிற பொறுப்பு கோச்சம்மா தலையில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த நிஜமான விங்-பேக் ஒருவன்தான். கைப்பேசியோடு கம்பிவேலிக்குப் போய் நின்று, வாராவாரம் அண்ணனைப் படம்பிடித்தாள்.

அந்தப் பருவத்தில் அவன் ஆட்டத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ஓரக்கோட்டில் விருட்டென்று கிளம்புவான். நடுக்கோடு வந்ததும் நின்றுவிடுவான். இடுப்பில் ஒரு கையை வைத்து, பாதி உடம்பைத் திருப்பி, தன் கோல் பக்கம் பார்ப்பான். அப்புறம்தான் மேலே போவான், சில சமயம் போகாமலே திரும்புவான். கோச்சம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. தான் விட்டுவந்த இடத்தை அடைக்க நடுத் தடுப்பாட்டக்காரன் நகர்ந்து வந்துவிட்டானா என்று பார்க்கிறான், வந்திருந்தால்தான் முன்னேறுகிறான்! ஆட்டம் முடிந்ததும் தலைகால் புரியாமல் அவனிடம் சொன்னாள்.

"நடுக்கோட்டுல நிக்கிறே பாரு, அதுதாண்ணா ஆட்டம். பின்னாடி ஆள் வந்தாச்சான்னு பார்த்துட்டு அப்புறம் போறே. யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"மூச்சு வாங்குச்சு, நின்னேன். அவ்வளவுதான் கோச்சம்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரிய மனுஷனுக்குத் தன்னடக்கத்தைப் பாரு என்றாள். புகழ்ந்தால் கூச்சப்பட்டு ஏதாவது உளறுவது அவன் பிறவிக் குணம். அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த வாரம் நடுக்கோட்டில் நின்றபோது, வேலிப்பக்கம் திரும்பி அவளுக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினான். அவள் கைதட்டினாள்.

அந்த நிறுத்தம் விளையாட்டுக்குள் போனது. நடுக்கோட்டில் நில், பின்னால் பார், பிறகு போ. நெட்டையர் அப்படியே எழுதித் தந்தார். புதிய பதிப்பு வெளிவந்ததும், விங்-பேக்குக்கு மூளை முளைத்துவிட்டது என்று கொண்டாடினார்கள். ஓட்டங்களைப் பார்க்கிற பிரிவுக்கே கோச்சம்மாவைத் தலைவியாக்கினார்கள். அண்ணன் கிடங்கில் ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்துவைத்து, "என்னைத்தான் என் தங்கச்சி கம்ப்யூட்டருக்குள்ள ஓட விட்டிருக்கா" என்று சொல்லித் தீர்த்தான்.

பிறகு ஒரு ஞாயிறு. ஆட்டத்துக்குக் கிளம்பி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தான். நிமிரவில்லை.

இதயம் வெகுநாளாகவே பழுதாகி வந்திருக்கிறது என்றார் மருத்துவர். முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருக்குமே என்று அண்ணியிடம் கேட்டார். அன்று சாயங்காலம் கோச்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதானே வாராவாரம் பார்த்தே. ஏதாவது தெரிஞ்சுதாடி?"

"இல்ல அண்ணி. ஒண்ணுமே தெரியல. நல்லாத்தான் ஓடுச்சு அண்ணன்."

அதற்கப்புறம் கோச்சம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பினதும் ஒரு ஆட்டத்தை ஓடவிடுவாள். எந்த அணி, எத்தனை கோல் என்று பார்க்கமாட்டாள். இடது ஓரத்து வட்டத்தை மட்டும் பார்ப்பாள். அது ஓடும், நடுக்கோட்டில் நிற்கும், திரும்பிப் பார்க்கும். அண்ணன் போய்விட்டான், அவன் நின்ற நிற்பு போகவில்லை என்று நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல். உலகத்தில் எங்கெங்கோ, முகம் தெரியாதவர்கள் வீட்டுத் திரையிலெல்லாம் அண்ணன் நின்று நின்று ஓடிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குத்தான் வேட்டு வந்தது. அடுத்த பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது புகார்கள் குவிந்தன. பின்னால் ஆள் வந்து அடைத்த பிறகும் இந்த விங்-பேக் ஏன் நிற்கிறான், இவனுக்கு என்ன சந்தேகம், நிஜத்தில் எவனும் இப்படி நிற்பதில்லை என்று எழுதினார்கள். நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்றார் நெட்டையர். அதில் கைவைத்தால் வேலையை விட்டுவிடுவேன் என்றாள் கோச்சம்மா. அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அவள் இதற்குமுன் குரலை உயர்த்தியதில்லை.

நெட்டையர் சண்டைக்காரர், ஆனால் வஞ்சகர் இல்லை. அவள் பக்கம் நியாயம் இருக்குமோ என்று, அவள் எடுத்த பழைய படங்களையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கோபமில்லாமல்தான் பேசினார். முதல் பாதியில் இவர் நிற்பதே இல்லை, இரண்டாம் பாதியில்தான் நிற்கிறார், பின்னால் ஆள் வந்த பிறகும் நிற்கிறார், பார்ப்பதற்காக நிற்கிறவர் எதற்கு அப்படி நிற்க வேண்டும் என்று கேட்டார். பழக்கதோஷம் என்று கோச்சம்மா வாதாடினாள். "ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று அவர் திரையைத் திருப்பினார்.

நிறுத்தம் என்கிற விதியையே அவர் அணைத்து வைத்திருந்தார். பார்ப்பது, யோசிப்பது எதுவும் இப்போது அந்த வட்டத்துக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். இடது விங்-பேக்குக்கு எவ்வளவு தெம்பு என்று குறிக்கிற எண்ணை, இருக்கிறதிலேயே அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்.

ஆட்டம் ஓடியது. முதல் பாதியில் வட்டம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் பாதியில் பந்து கிடைத்ததும் விருட்டென்று கிளம்பி, நடுக்கோட்டில் நின்றது. களைத்தவன் தன் கோல் பக்கம் திரும்பிவிடுவான் என்பது விளையாட்டில் பழைய விதி, அதனால் பாதி திரும்பியது. கொஞ்சம் நின்று மேலே போனது. அடுத்த முறை போகாமலே திரும்பியது. பக்கத்துத் திரையில் நெட்டையர் அண்ணனின் படத்தையும் ஓடவிட்டிருந்தார். இரண்டும் ஒன்றாகவே நின்றன, ஒன்றாகவே திரும்பின. வட்டத்துக்குக் கை இல்லை. அண்ணன் மட்டும் இடுப்பில் கையை ஊன்றியிருந்தான். வாய் திறந்திருந்தது. இத்தனை நாளும் அந்தக் கையை அவள் திமிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா, இவரு யோசிக்கல. இவருக்கு முடிய..." என்று ஆரம்பித்த நெட்டையர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். படத்தில் இருப்பவன் யார் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கிடங்கு அணியில் யாரோ ஒரு ஆட்டக்காரன் என்று நினைத்திருந்தார், பாவம். அது தன் அண்ணன் என்று அவள் சொன்னதும் அந்த நெடிய மனிதர் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

கோச்சம்மா அங்கிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். துணிக்கடைகளுக்கு விளிம்பு தைத்துக் கொடுக்கிறவள் அண்ணி. தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் இரண்டும் வாசல் மூலையில் அப்படியே இருந்தன, ஒன்று கயிறு கட்டி, ஒன்று கட்டாமல்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, ஏதாவது தெரிஞ்சுதான்னு. தெரிஞ்சுது அண்ணி. என் கண்ணு முன்னாடிதான் நின்னு மூச்சு வாங்குச்சு அண்ணன். நான் பார்த்துட்டுக் கைதட்டினேன்."

இயந்திரம் நின்றது. கோச்சம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். மூச்சு வாங்குது என்று அவன் வாயாலேயே சொன்னதையும், தான் சிரித்ததையும் சொன்னாள். திட்டினால் தேவலை, அடித்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அண்ணி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாருடி. மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு. கிழவனாயிட்டீங்கன்னு நானும் சிரிச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். கேலியும் கிண்டலுமாகவே பேசிப் பழகிய வீட்டில் அதையும் கிண்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி ஆறுவது?

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும், அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று நெட்டையரிடம் அவளே சொன்னாள். அவர்தான் தயங்கினார். இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு பேர் புகார் செய்தால் குடியா முழுகிவிடும் என்றார். வேண்டாம், அது பொய் என்றாள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டாள். தெம்பு தீர்ந்த விங்-பேக் நடுக்கோட்டில் நின்றால், உதவிப் பயிற்சியாளர் அதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே திரை ஓரத்தில் செய்தி வருகிறதே, யாரும் படிப்பதில்லையே என்றார் அவர். ஓரத்தில் வேண்டாம், ஆட்டத்தையே நிறுத்திவிட்டு நடுத்திரையில் வரட்டும், பதில் சொல்லாமல் ஆட்டம் நகரக்கூடாது என்றாள். வாடிக்கையாளர்களுக்கு எரிச்சலாக இருக்குமே என்றார். எரியட்டும் என்றாள்.

அன்று சாயங்காலமே அவர் அதை எழுதித் தந்தார். சோதித்துப் பார்க்க ஓர் ஆட்டத்தை ஓடவிட்டார்கள். இரண்டாம் பாதியில், இடது ஓரத்து வட்டம் விருட்டென்று கிளம்பி, நடுக்கோட்டில் நின்று, பாதி திரும்பியது. ஆட்டம் அப்படியே உறைந்தது. நடுத்திரையில் எழுத்து வந்தது: இடது விங்-பேக்குக்கு மூச்சு வாங்குகிறது. அவரை உடனே வெளியே எடுங்கள்.

கோச்சம்மா பொத்தானை அழுத்தினாள். வட்டம் மெதுவாக மைதானத்தைக் கடந்து, கோட்டைத் தாண்டி, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தது. வேறொரு வட்டம் அதன் இடத்துக்கு ஓடியது. ஆட்டம் தொடர்ந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதிக்க வேண்டியதைச் சோதித்தாயிற்று, ஆட்டத்தை மூடிவிடலாமா என்று நெட்டையர் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் சார்," என்றாள் கோச்சம்மா. "அண்ணன் கொஞ்சம் உட்காரட்டும்."