கோயில் வாசலில் என் மகள் சொன்னது

என் மகள் தர்ஷினிக்குப் பதினோரு வயதில் மஞ்சள் நீராட்டு நடத்தினோம். பள்ளிப் பாவாடையில் ரத்தக்கறையைப் பார்த்ததும் வயசுக்கு வந்துவிட்டாள் என்றே நினைத்தோம். ராயக்கோட்டையிலிருந்து என் அண்ணன் சீர்வரிசையோடு வந்தார். உளுந்தங்களி, பச்சை முட்டை எல்லாம் கொடுத்தோம். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அதன் பிறகு அவள் தேறவே இல்லை. வயிற்றுவலி, பேதி, வாய்ப்புண். முகம் வெளுத்துப் போனது. ஓசூரில் எந்த டாக்டரிடம் போனாலும் நான்தான் முந்திக்கொள்வேன். "வயசுக்கு வந்ததில இருந்து இப்படித்தாங்க, தீட்டு சரியா வர்றதில்ல" என்பேன். டானிக் எழுதுவார்கள், பூச்சி மாத்திரை எழுதுவார்கள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ரோஜாப் பண்ணையில் பூவைக் கட்டிக்கொண்டிருப்பேன், மனசு வீட்டில் கிடக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பிள்ளை கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தாள்.

ஆடி வெள்ளியன்று சூளகிரியில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் பார்த்தால் பாவாடையில் மறுபடியும் கறை. "நீ வெளியவே நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். "தாயே, என் பிள்ளைக்கு என்னன்னு காட்டு" என்று அம்மனிடம் சண்டையே போட்டேன். அழுது முடித்து வெளியே வந்தேன்.

"நானும் உள்ள வரலாம்மா" என்றாள் தர்ஷினி. "இது அது இல்ல. கக்கூஸ் போற வழியிலதான் ரத்தம் வருது. மொதல்லருந்தே அப்படித்தான்."

"ஏன்டி சொல்லல?"

"மாமா சீரெல்லாம் செஞ்சிட்டாரு. அப்புறம் எப்படிம்மா சொல்றது?"

அவளை இழுத்துப்போய் அம்மன் முன்னால் நிறுத்தினேன். உள்ளே நான் கேட்டதற்கு வாசலில் பதில் வைத்திருந்தாள் என் தாய். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

திங்களன்று பெங்களூரு பஸ் ஏறினோம். இந்த முறை தர்ஷினியே டாக்டரிடம் பேசினாள். கேமரா விட்டுப் பார்த்து, குடல் அழற்சி நோய் என்றார்கள். அவள் இன்னும் வயசுக்கே வரவில்லை, நோயால் வளர்ச்சி தடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அடியோடு போகாது, மருந்தில் அடங்கும் என்றும் சொன்னார். அடங்கியது.

இப்போது பதினான்கு வயது. இரண்டு இட்லியோடு எழுந்தவள் இன்னும் இரண்டு வை என்கிறாள். போன பங்குனியில் நிஜமாகவே வயசுக்கு வந்தாள். பந்தல் இல்லை, சீர் இல்லை. கோயிலுக்குக் கிளம்பும்போது, "நான் வெளிய நிக்கணுமாம்மா?" என்றாள்.

"வா, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன்.

பிள்ளைக்கு நோவென்று தவிக்கிற தாய்மார்களே, அம்மனைக் கேளுங்கள், கைவிட மாட்டாள். கேட்டுவிட்டு உங்கள் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.