அட்டவணையில் இல்லாத ரயிலும் ஒரு வௌவாலும்

1. பதினொன்று முப்பத்தெட்டு

சனிக்கிழமை காலை பதினொன்று முப்பத்தெட்டுக்கு என் மேசை நடுங்கியது. அந்த நேரத்தில் ரயில் கிடையாது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். என் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் இருக்கிறது. கதவிலிருந்து தண்டவாளத்துக்கு நாற்பத்தாறு அடி. ரயில் போகும்போது மேசையிலுள்ள ஸ்குரூக்கள் தாமாக நடக்கும். அதனால் ஈயம் வைக்கும் வேலையை இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் செய்வேன். எந்த ரயில் எப்போது போகும் என்று நானே எண்ணி எழுதிய அட்டவணை சுவரில் தொங்குகிறது. அதன்படி பதினொன்று இருபத்தேழிலிருந்து பன்னிரண்டு மணிவரை தண்டவாளம் சும்மா கிடக்கும்.

அன்று சும்மா கிடக்கவில்லை. பெட்டிகள் எதுவுமில்லாமல் தனி எஞ்சின் ஒன்று தெற்கே போனது. அப்போது என் மேசையில் ஒரு வௌவால் இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வௌவாலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2. வேலை செய்யும் கசெட்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ரேடியோவில் தொடங்கினேன், பிறகு டீவி, பிறகு கையில் பிடித்து விளையாடும் கேம் செட்டுகள். இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் விளையாடிய, செட்டில் செருகும் கேம் கசெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்று எட்டு ஐம்பதுக்கு வந்த பெண்ணும் அப்படித்தான் வந்தார். பெயர் தர்ஷினி. கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை.

“அங்கிள், பேட்டரி மாத்தோணும்.”

“வேலை செய்யுதில்லையோ?”

“வேலை செய்யுது.”

“வேலை செய்யிறதை ஏன் பிள்ளை பிரிக்கிறது? நல்லா நித்திரை கொள்ளுற ஆளை எழுப்பி ஊசி போடுற மாதிரியெல்லோ.”

“நாளைக்கு இதை ஒரு ஆளிட்ட குடுக்கிறன். குடுத்த பிறகு செத்துப் போகக் கூடாது.”

விசித்திரமான பிராணிகளைத் தேடிப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு விடும் விளையாட்டு அது. அதன் முதல் கசெட்டுகளில் ஒன்று. பிடித்த பிராணிகள் எல்லாம் உள்ளே ஒரு சிறு சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பை உயிரோடு வைத்திருப்பது ரூபாய்க் காசளவான ஒரு பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். கழற்றினாலும் அழிந்துவிடும். அதனால் பழையதைக் கழற்றும் முன் இன்னொரு பேட்டரியை இரண்டு வயரால் பக்கத்தில் இணைப்போம். அதைத் தாங்கு பேட்டரி என்பேன். பழையது போய்ப் புதியது வரும்வரை அதுதான் சிப்பைத் தாங்கும்.

“முதல்ல உள்ள என்ன இருக்கெண்டு காட்டுங்கோ” என்றேன். அது என் வழக்கம். வேலை அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன்.

செட்டுக்குத் திரையில் சொந்த வெளிச்சம் இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தால் கடல் வெளிச்சத்தில் படம் தெரியும். நிமிர்த்தினால் மறைந்துவிடும். தர்ஷினி அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு குகைக்குள் நடந்தார். நகம் அளவான ஒரு மனித உருவம் பாறைகளுக்கு நடுவே காலடி வைத்துப் போனது. நான் அடிகளை எண்ணினேன். பதினேழாவது அடியில் திரை சிமிட்டியது. குகை வௌவால் ஒன்று எதிரே வந்து நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து தர்ஷினியின் வௌவால் புறப்பட்டது. இறக்கையை விரித்தபோது திரையின் ஒரு பக்கம் நிறைந்தது. மொத்தமும் வாய்தான். ஒரே கடி. எதிரே நின்றது மறைந்தது.

நான் அட்டையில் எழுதினேன். லெவல் நாற்பத்தொன்று. பெயர் வவுலா, சிங்களத்தில் வௌவால். விளையாடிய நேரம் நூற்றுப் பன்னிரண்டு மணி. முதல் சொந்தக்காரர் என்ற இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது: நதீ.

“இது உங்கட இல்லையோ?”

அவர் செட்டை மேசையில் வைத்தார்.

3. வேனில் நடந்தது

“ஸ்கூல் வேன்ல நானும் நதீஷாவும் ஒரே சீட். நான் தமிழ் வகுப்பு, அவ சிங்கள வகுப்பு. வேனுக்குள்ளதான் சிநேகிதம். ரெண்டு பேரிட்டயும் இந்தக் கேம். குகைக்குள்ள போனா இந்த வௌவால் தொல்லை தாங்கேலாது அங்கிள். எல்லாரும் கண்டவுடன ஓடுவினம். அவ மட்டும்தான் ஒண்டைப் பிடிச்சு, பேர் வச்சு வளத்தவ. ஒருநாளைக்குத் தா எண்டு கேட்டனான். ரெண்டு செட்டையும் வயரால கொழுவி மாத்தினம். நான் ஒரு புழுவைக் குடுத்தன்.”

“அடுத்த நாள்?”

“அடுத்த நாள் குடுக்க மனம் வரேல்லை. கசெட் எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டு சொல்லிட்டன்.”

“அழுதவவோ?”

“தன்ர வவுலாவுக்கு அழேல்லை அங்கிள். என்ட எல்லாம் போச்சுதெண்டு எனக்காக அழுதவ. தன்ர மீன் வச்ச மாலு பாணைப் பிச்சு எனக்குப் பாதி தந்தவ. நான் திண்டனான்.”

தர்ஷினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது முப்பத்தாறு. வேனில் அது நடந்து ஆறு மாதத்தில் நதீஷாவின் குடும்பம் மெல்போர்ன் போய்விட்டது. இப்போது நதீஷா ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். ஞாயிறு இரவு திரும்புகிறார். ஞாயிறு பின்னேரம் இருவரும் சந்திப்பதாகப் பேச்சு.

“பேரை மாத்தவும் பாத்தனான்” என்றார் தர்ஷினி. “ஏலாது. பிடிச்ச ஆள்தான் பேர் மாத்தலாம். அது இந்தப் பெட்டிக்குத் தெரியும்.”

மூன்று மணிக்கு வந்து எடுக்கச் சொன்னேன்.

4. நான் விட்ட பிழை

மூன்று வோல்ட் இருக்க வேண்டிய பழைய பேட்டரியில் இரண்டரைதான் இருந்தது. மாற்ற வேண்டியதுதான். அதில் தவறில்லை.

தாங்கு பேட்டரியின் வயர்களை ஈயத்தால் ஒட்டிவிட்டே பழையதைத் தொட வேண்டும். இதை நான் எட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் ஒட்டவில்லை. பலகை இருபத்துநான்கு வருடப் பழசு, செப்புக்கோடு தலைமயிரைப் போல மெல்லியது. இரண்டு தரம் சூடாக்கினால் உரிந்துவிடுமோ என்று பயந்தேன். சூட்டைக் குறைக்க வயர்களைச் சிறிய கிளிப்பால் கவ்வ வைத்தேன். ரயில் இல்லாத முப்பத்துமூன்று நிமிடம் கையில் இருக்கிறதே என்ற துணிவு.

பழையதைக் கழற்றினேன். புதியதை வைக்கக் குனிந்தபோது எஞ்சின் வந்தது. கேட்டவுடனே கையை எடுத்துக் கிளிப்பை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன். அட்டவணையைப் பார்த்தேன்! எஞ்சின் பிழையா அட்டவணை பிழையா என்று பார்த்த அந்த நேரத்தில் கிளிப் வழுகியது. ஒரு விநாடிகூட இருக்காது.

புதியதை ஒட்டி, மூடி, செட்டில் போட்டேன். திரையை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். தொடர்ந்து விளையாடு என்ற வரி இல்லை. புதிய ஆட்டம் என்ற வரி மட்டும் இருந்தது. ஆறு தரம் அணைத்துப் போட்டேன். ஆறு தரமும் அதுதான்.

பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் தேநீரோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

“இதுக்கா மாஸ்டர் இவ்வளவு? கொண்டு வரக்குள்ளயே செத்துப் போயிருந்திச்சி எண்டு செல்லுங்க.”

“காலமை என்ர கண்ணுக்கு முன்னால ஓடிக் காட்டினவ.”

“அப்ப, தொறந்த ஒடனே போயிட்டு எண்டு செல்லுங்க. பழைய சாமான்தானே. யாரு வந்து சோதிக்கப் போற? ஒங்கட ரயில் கணக்கு பிழையாப் போச்சி எண்டு ஊருக்குத் தெரியவும் தேவல்ல.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பொய் எங்கள் தொழிலில் நன்றாகப் புழங்கிய பொய். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு மிக்சருக்கு ஒரு தரம், டீவிகளுக்கு இரண்டு தரம். மொத்தம் மூன்று.

மூன்று மணிவரை வேறு வேலை ஓடவில்லை. நாற்காலியில் சாய்ந்தேன். கடல் காற்று. கண் மூடியதும் அந்தக் குகைக்குள் இருந்தேன். சாம்பல் நிறப் பாறை, சாம்பல் நிறத் தரை, தலைக்குமேலே அலைச் சத்தம். நடந்து எண்ணினேன். பதினேழு அடி. ஒன்றும் வரவில்லை. நூறு. இருநூறு. இறக்கைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறேன், குகை முழுவதும் காலியாக இருக்கிறது. இரண்டு நாற்பது ரயில் எழுப்பிவிட்டது.

5. சொன்னது

தர்ஷினி படியேறும்போதே சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லவில்லை. உட்கார வைத்தால் எனக்குச் சொல்ல வராது.

“பிள்ளை, அழிஞ்சு போச்சு. கசெட்டில பிழையில்லை. நான் வயரை ஒட்டாமல் கிளிப் போட்டனான். என்ர பிழை.”

அவர் கசெட்டை எடுத்துக் கையில் புரட்டினார். வெளிப்பார்வைக்கு அது காலையில் இருந்த கசெட்தான். பிறகு மெல்லச் சிரித்தார்.

“இருவத்துநாலு வருசத்துக்கு முதல் நான் சொன்னது இண்டைக்குத்தான் நடந்திருக்கு.”

“ஓம்.”

“இனி அவளிட்ட ஒண்டும் சொல்லத் தேவையில்லை, என்ன? அவளுக்குத் தெரிஞ்சதுதான் இப்ப உண்மை.”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? வேலை அட்டையை மட்டும் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவருடைய சங்கடம் முழுவதும் இப்போது ஒரு வார்த்தையும் பேசாமல் தீர்ந்துவிடும். அதற்கு வழிசெய்து கொடுத்தவன் நான். அன்றிரவு அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

6. ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதில்லை. அட்டவணையைக் கழற்றலாம் என்று போயிருந்தேன். நான்கு பத்துக்கு முச்சக்கரவண்டியில் இருவர் வந்து இறங்கினார்கள். தர்ஷினியின் கண்கள் வீங்கியிருந்தன. மற்றவர் உயரமானவர், தோளில் பயணப் பை.

“அங்கிள், நான் நதீ” என்றார். “என்ட தமிழ் வேன்ல படிச்ச தமிழ். சிரிக்க வேணாம்.”

“சிரிக்கேல்லை மகள்.”

“இவள் எல்லாம் சொன்னது. பொய் சொன்னது, வச்சிகிட்டது, எல்லாம். நான் ஏசினது. முச்சக்கரவண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பாத்தது.”

“நல்லா ஏசினவ அங்கிள்” என்றார் தர்ஷினி. “சிங்களத்திலயும் ஏசினவ, இங்கிலீசிலயும் ஏசினவ.”

“தமிழ்ல ஏச இவள் அப்ப படிச்சிக் குடுக்கல்லயே!” நதீஷா என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. “அங்கிள், ஒங்களுக்குத்தான் கடைசியாத் தெரியும். அது எப்பிடி இருந்தது?”

நான் அட்டையைத் தேடினேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அது இவள் சொன்னது. நம்பர் எல்லாம் சொன்னது. நீங்க பாத்தது சொல்லுங்க. நான் குடுக்கிறப்ப அது சின்னது. லெவல் எட்டு. கண் இல்ல அங்கிள். சின்னதுக்குக் கண் இல்ல, வாய் மட்டும். வளந்தா மட்டும்தான் கண் வரும். ரொம்ப நாள் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் வளரும். நான் கண் பாக்கவே இல்ல.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடல் வெளிச்சம், சாய்த்துப் பிடித்த திரை, பதினேழாவது அடி. எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு எழுதாததைத் தேடினேன்.

“இரண்டு கண்” என்றேன். “சின்னக் கண். கோபமான கண். சிறகை விரிச்சால் திரையில இடம் காணாது.”

நதீஷா தன் கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு தர்ஷினியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள். நான்கு இருபத்திரண்டு ரயில் போனது. நான் மணி பார்க்கவில்லை, பழக்கத்தால் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். தாங்கு பேட்டரியின் வயரை ஒட்டிவிட்டு மற்ற வேலையைத் தொடுங்கள். திருகாணியில் கை வைக்கும் முன், உள்ளே இருப்பதைச் சொந்தக்காரரோடு சேர்ந்து ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். நம் கையில் ஒன்று அழிந்து போனால், அது எப்படி இருந்தது என்று சொல்வதற்கு நம்மை விட்டால் வேறு ஆளில்லை.