கரடி வீட்டு அத்தியாயம்

தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என் மச்சாள் நிற்கிறாள். அவளுடைய தோளுக்கு மேலே, அசையாமல் நின்றுபோன திரையில், வாளை உயர்த்திய ஒரு பெண்ணின் பாதி முகம் தெரிகிறது. ரிமோட் மச்சாளின் கையில். பெரியகல்லாற்றில் மாமா வீட்டு முன்னறையில், பாயிலும் கதிரையிலும் சன்னல் கம்பிக்கு வெளியிலுமாகக் கூடியிருந்த அயலட்டை முழுவதும் ஒரே நேரத்தில் சத்தம் போடுகிறது. அவள் அசையவில்லை. "விட்டுப்போட்டாங்க" என்கிறாள். "ஒரு அத்தியாயத்த முழுசா விட்டுப்போட்டாங்க. நான் சொல்லுறன். கேட்டுப்போட்டு மறுகா மிச்சத்தப் பாருங்க." அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நான் அவளுக்கு ஒரு வயது இளையவள்.

புத்தகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதைப் படித்தவர்கள் யாராவது சண்டைக்கு வருவார்கள். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஏதோ ஒரு குளிர் நாட்டில் சிறுவர்களுக்காக எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்த தடித்த நாவல் அது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு யாரோ அன்பளிப்பாக அனுப்பிய பெட்டியில் கிடந்தது. நான் இரவல் எடுத்தேன். மச்சாள் என்னிடம் இரவல் எடுத்தாள். அதன் பிறகு அது நூலகத்தைப் பார்க்கவே இல்லை. மனிதர்களின் குரல்களைத் திருடிச் சாடிகளில் அடைத்துவைக்கும் ஓர் அரசன்; தன் தம்பியின் குரலை மீட்கப் புறப்படும் ஒரு சிறுமி. சனி ஞாயிறு வந்தால் நான் பஸ் ஏறிப் பெரியகல்லாற்றுக்குப் போய்விடுவேன். மச்சாளின் அப்பா, அதாவது என் அம்மாவின் அண்ணன், ஆற்றில் மீன்பிடிப்பவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவர் விறாந்தையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். மச்சாள் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். மாமாவும் கேட்கிறாரா என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

நாவலின் நடுவில் ஓர் அத்தியாயம். பனியில் வழி தவறிய சிறுமி ஒரு கரடியின் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அரசன் முதன்முதலில் திருடியது அந்தக் கரடியின் குரலைத்தான். அதனால் அதற்குப் பேச்சு இல்லை. இருவரும் விறகு பொறுக்குகிறார்கள், கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள், நெருப்புக்கு முன்னால் சும்மா இருக்கிறார்கள். விடிந்ததும் சிறுமி போய்விடுகிறாள். கரடி சன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைக்கிறது. பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவுகிறது. தன்னுடையதைக் கவிழ்த்து வைக்கிறது. அவளுடையதை நிமிர்த்தி வைக்கிறது. அவ்வளவுதான். மச்சாள் அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பாள். "இதில ஒண்டும் நடக்கல்லயே" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்டும் நடக்காத இடம் அவளுக்கு இது ஒண்டுதானேகா" என்றாள். ஒன்றும் நடக்காத ஒரு நாளின் அருமை, யுத்தம் விட்டும் விடாமலும் இருந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தால், கடைசி நாள் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடி முடியும் வரை ஒவ்வொரு நாளும் அம்மனின் கதையைப் பாடுவார்கள். பாடுகிறவர்களில் மாமாவும் ஒருவர். ஒரு வருடம் கூடப் பாடியவர், பசியோ அசதியோ தெரியாது, சில பாட்டுகளைத் தாண்டிப் போய்விட்டார். மாமா கையை உயர்த்தினார். "விட்டுப்போட்டாய்" என்றார், கோபமே இல்லாமல். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, எங்களுக்கு வயிறு காய்ந்தது, எல்லோரும் மாமாவை மனதுக்குள் திட்டினோம். மச்சாள் மட்டும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். கதையைக் குறைத்துப் பாடினால் அம்மனின் சூடு தணியாது என்பார்கள். மச்சாள் அந்தச் சட்டத்தை உலகத்திலுள்ள எல்லாக் கதைகளுக்கும் பொதுவாக்கிவிட்டாள்.

ஆகவே நாவல் படமாக வந்திருக்கிறது, தமிழும் பேசுகிறது என்று கேள்விப்பட்டதும் நாங்கள் தரையில் நிற்கவில்லை. சந்தைப் பக்கத்துக் கடையில் நானே சீடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார்கள். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மச்சாளின் மூச்சு மாறியது. சிறுமி குமரியாகியிருந்தாள். தம்பியைக் காணோம், ஓர் இளவரசனுக்காகப் புறப்பட்டுப் போனாள். புத்தகத்தில் அவள் கையில் இருந்தது ஓர் அகப்பை, படத்தில் வாள். அதையெல்லாம் மச்சாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு பனியும் இல்லாமல் வீடும் இல்லாமல் நேரே போர்க்களத்துக்கு வந்தது கரடி. வந்து வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடவில்லை. சென்னைத் தமிழில் பகிடி விட்டது, பாடியது, விழுந்து எழும்பியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், மச்சாளின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அப்போதுதான் அவள் எழும்பி ரிமோட்டைப் பறித்தாள்.

"இந்தப் புள்ளையக் கட்டுறவன் பாவம்" என்று பக்கத்து வீட்டு மாமி தலையில் கைவைத்தா. பின்னால், கதவடியில் இருந்த மாமா, "அவள் சொல்லட்டும்" என்றார். சொன்னாள். முதலில் கோபத்தில் படபடவென்று கொட்டினாள், பிறகு நிதானத்துக்கு வந்தாள். விறகு, கஞ்சி, நெருப்பு. சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். கரடி சன்னலில் விளக்கை வைத்ததோடு கதையை முடித்துவிட்டு அவள் ரிமோட்டைத் தூக்கினாள். அப்போது கதவடியிலிருந்து அதே கோபமில்லாத குரல் வந்தது. "புள்ள, கோப்பைய விட்டுப்போட்டாய்."

அத்தனை நாளும் வலையில் குனிந்திருந்த மனிதர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. திரும்பி நின்று, சபைக்கு அல்ல, தன் அப்பாவுக்கு, அந்த இரண்டு கோப்பைகளையும் சொல்லி முடித்தாள். மிச்சப் படம் ஓடியது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. மாமாவை, அந்த வீட்டை, நாங்கள் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காத புத்தகத்தை, எல்லாவற்றையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மச்சாள் சில வருடங்கள் எங்களோடு களுவாஞ்சிக்குடியில் இருந்தாள். வைகாசியில் கோயிலுக்கு வரமாட்டாள். கரடி என்று நான் வாயெடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். நானும் வாயெடுப்பதை விட்டேன். பிறகு கல்யாணம், கனடா. தொலைபேசியில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், அங்கே கொட்டும் பனியைப் பற்றியும் பேசுவோம். பனியில் இருந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

அந்த நாவலை இன்னும் இரண்டு தரம் படமாக்கினார்கள். இரண்டையும் பார்த்தேன், இரண்டிலும் கரடி வீடு இல்லை. நான் கொதிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "கதைதானே, படத்துக்கு ஏத்தமாதிரி மாத்தத்தானே வேணும்" என்பார். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்கிற துண்டைத்தான் அவர்கள் எப்போதும் வெட்டுகிறார்கள். எங்கேயோ ஒரு பிள்ளைக்கு அந்தத் துண்டுதான் முழுப் புத்தகமும். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது நல்ல படம் அல்ல. பிழையான படத்தைப் பார்க்கும்போது "விட்டுப்போட்டாங்க" என்று கத்துகிற ஒருத்தி பக்கத்தில் வேண்டியிருந்தது. தனியாகக் கோபப்படுவது எவ்வளவு பெரிய தனிமை என்பது ஒரு கதையைப் பங்குபோட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

இந்த வருடம் அதைத் தொடராக எடுத்து இணையத்தில் விட்டார்கள். நான் நம்பிக்கையில்லாமல்தான் பார்த்தேன். ஐந்தாம் பகுதி முழுக்கக் கரடி வீடு. அகப்பை வந்தது, கஞ்சி வந்தது. கரடி ஒரு சொல் பேசவில்லை. சன்னலில் விளக்கு எரிந்தபோது நான் வாய்விட்டு அழுதேன். உடனே மச்சாளுக்கு எழுதினேன்: "கரடி வந்திட்டுது. வாய் பேசல்ல." இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "என்ன கரடி?"

அந்த இரண்டு சொற்களையும் பார்த்தபோது மாமாவை இன்னொரு தரம் பறிகொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் அவளே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் கந்தோரில் வேலை முடிந்து ஆற்றங்கரையால் வந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அங்கே காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். கரடியை மறக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. "பாக்க நேரமில்லகா. நீயே சொல்லன், கேப்பம்" என்றாள், கடமைக்குக் கேட்கிற குரலில். சொன்னேன். தொடரில் பார்த்தபடியே சொன்னேன். பனி, விறகு, கஞ்சி, நெருப்பு, விடியல். சன்னலில் விளக்கு. "அவ்வளவுதான்" என்று முடித்தேன்.

"கோப்பை?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். தொடரில் கோப்பை இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை.

"கோப்பைய விட்டுப்போட்டாய்" என்றாள். கோபமே இல்லாத குரல். அது யாருடைய குரல் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. "படத்திலயும் இல்லையாகா?"

"இல்ல மச்சாள்."

"விட்டுப்போட்டாங்க!" என்று கத்தினாள், தமிழ் தெரியாத அந்த பஸ் முழுவதும் கேட்க. பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. "நில்லு, நான் சொல்லுறன். ரெண்டு கோப்பையையும் எடுத்துக் கழுவிச்சுதாம்…" என்று தொடங்கியவள் இடையில், "ஐயோ, இறங்குற இடம் போயிட்டுதுகா. போகட்டும், முடிச்சுப்போட்டு இறங்குறன்" என்றாள். நிமிர்த்தி வைத்த கோப்பைக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.