பல்செட் அக்கா வீட்டு விருந்தாளிகள்

கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து நக்கிப் பார்க்கிறார் பல்செட் அக்கா. “உப்பு. குழந்தை கால் கழுவ ஆகாது,” என்று அதை ஒதுக்கிவிட்டு அடுத்த குழாய்க்கு நடக்கிறார். சனிக்கிழமை தம்பி குடும்பத்தோடு வருகிறார். அதற்கு வியாழனே ஒத்திகை. நிழல் எந்தப் பக்கம் விழும், அலை எங்கே அடங்கி வரும், படகுக்காரர்களில் யார் நிதானமானவர், எல்லாம் பார்த்தாக வேண்டும். கீழ்வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு, குடையும் பாயும் என் தலையில் கட்டப்பட்டிருந்தன.

பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகும் மாவும் குழைத்துப் பல்செட் செய்வது அவர் வேலை. அதனால் யாரோடு பேசினாலும் வாயைத்தான் பார்ப்பார். வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை வாடகைக்காக மாடிப்படி வாசலில் நின்று மூச்சுவிடாமல் கத்தினார். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, “கீழ் வரிசையில ஒண்ணு ஆடுதுங்க. சீக்கிரம் காட்டிடுங்க,” என்றார். மனிதர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கடல் அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மற்ற நாட்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. “தனியா நின்னு பாத்தா வெறும் தண்ணிதான். என்ன இருக்கு அதுல?” என்பார். தம்பி வருடத்துக்கு ஒருமுறை வரும்போதுதான் அவருக்கு அது கடல். அந்தச் சனிக்கிழமை பார்க்க வேண்டுமே! கலங்கரை விளக்கத்தின் படிகளில் தம்பியின் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார் அக்கா. மூட்டுவலியாம், யாருக்கு?

தம்பிக்கு முன்பல்லின் ஓரம் உடைந்திருக்கும். படகில் போகும்போது அவரே கேட்டார்: “எத்தனை வருஷமா சொல்றேன், இந்தப் பல்லுக்கு மேல மாட்ட ஒரு கேப் செஞ்சு குடேன்க்கா. ஊருக்கெல்லாம் செய்யுற.”

“அவசரப்பட்டா சரியா வராது. அடுத்த தடவை வர்றப்ப பாத்துக்கலாம்.”

நாத்தனாரின் சாக்குகள் தெரிந்த தம்பி மனைவி, படகில் குடை பிடித்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அக்காவின் கைவேலை. தம்பியின் பல் மட்டும் வருடா வருடம் அடுத்த தடவைக்குப் போகிறது.

அவர்கள் தங்குவது ஒரே ஒரு இரவு. ஞாயிறு மாலையோடு அவர்கள் ஊருக்குப் பஸ் முடிந்துவிடும். அதை விட்டால் மறுநாள் காலையில்தான். இது தெரிந்தும் அக்கா ஒவ்வொரு வருடமும் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவைப்பார். தம்பியிடம் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ‘இருந்துட்டுப் போ’ என்று கேட்டு, அவர் முடியாது என்றுவிட்டால்? திங்கட்கிழமை முழுக்க, விருந்தாளிகளின் போர்வையை மடித்துப் பிரித்து மறுபடி மடிக்கும் ஓசை என் கூரைக்கு மேலே கேட்கும்.

இந்த ஞாயிறு, கடலில் ஆடிவிட்டு வந்தவர்களின் துணிகளை அக்கா பிடுங்காத குறையாக வாங்கி அலசினார். “ஈரத்தோட பையில திணிச்சா நாத்தம் பிடிச்சிடும். காஞ்சதும் கிளம்பலாம், என்ன இப்போ?” தம்பியும் சரி என்று படுத்துவிட்டார். அக்கா முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

ஆனால் வெயில் வெளுத்து வாங்கியது. எந்த வெயிலுக்காக இரண்டு வாரமாக வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தாரோ, அதே வெயில். உலரப்போட்ட தலையணையை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் துணியெல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தது. அக்கா நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது. “காஞ்சிடுச்சாக்கா? பஸ்ஸுக்கு நேரமாகுது.”

“இன்னும் ஈரமாத்தான்டா இருக்கு.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல், தம்பியின் பேன்ட்டைக் கொடியிலிருந்து உருவி வாளித் தண்ணீரில் முக்கினார். பிழியாமல் அப்படியே மறுபடி கொடியில் போட்டார்.