என் குரலை அளந்தவர்

தொண்டை ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் ஏறி இறங்குகிறதா என்று அளக்க, ஆர்.கே.புரத்தில் ஒருவரிடம் அனுப்பினார்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கத்திதானாம். அளக்கிறவர் டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அகப்பைக் காம்பு மாதிரி உடம்பு. ஆள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கம்ப்யூட்டரில் ஓடும் கோட்டைப் பார்த்துத்தான் பேச்செல்லாம். மெட்ரோவில் கதவு மூடுகிறது என்று சொல்லும் குரல்கூட அவர் குரலைவிட உருக்கமாக இருக்கும்.

“பாட்டி, கோபமா பேசுங்க.”

“ரொம்ப சந்தோஷம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றேன் மெல்ல.

கோடு படுத்தே கிடந்தது.

“அச்சா... ஏறலியே. இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும்.”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “தம்பி, எங்க வீட்டுல கோபம் வந்தா குரலை இறக்கி மரியாதையாத்தான் பேசுவோம். பாசம் வந்தாத்தான் கத்துவோம்.”

“அப்போ பாசமா பேசுங்க.”

“அடேய் கழுதை! எலும்பும் தோலுமா உட்கார்ந்திருக்கியே, காலையில ஏதாவது தின்னியா இல்லையா?”

கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இல்ல பாட்டி, இன்னும் சாப்பிடல. ஆபரேஷன் வேண்டாம்,” என்றார், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்.

அந்தக் குரலுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அக்கம்பக்கத்தில் மட்டும் சொல்லி வைத்தேன்: “தொண்டை சரியாயிடுச்சாம். இனிமே உங்க எல்லார்கிட்டயும் பாசமா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க.”